பழக்காத இளம் மட்டக்குதிரை: நியாயமான விலையைக் கணிப்பது எப்படி?

பிரிட்டனில் முதன்முறையாக ஒரு மட்டக்குதிரைக் குட்டியை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். ஒரு விளம்பரத்தில் குட்டி இருநூறு பவுண்டு. அடுத்த விளம்பரத்தில் அதே வயது, அதே நிறம், விலை மட்டும் ஆயிரத்து ஐந்நூறு. எது கொள்ளை, எது மலிவு என்று பார்த்தவுடன் சொல்ல முடிவதில்லை.

அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி குட்டியின் நிறத்திலோ அழகிலோ இல்லை. பிறந்ததிலிருந்து அதன்மேல் ஒருவர் எவ்வளவு பொறுமையாகக் கை வைத்துப் பழக்கியிருக்கிறார் என்பதில் இருக்கிறது. இளங்குட்டி வாங்கும்போது காசு கொடுக்கத் தகுந்த முதல் விஷயம் அந்த உழைப்புதான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

முதலில், எந்த இனம், என்ன பதிவு?

இங்கே 'நேட்டிவ் போனி' என்றால் இந்தத் தீவுகளின் மலைகளிலும் புல்வெளிகளிலும் உருவான இனங்கள்: எக்ஸ்மூர், டார்ட்மூர், நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ், ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட், எரிஸ்கே, ஷெட்லாண்ட். அயர்லாந்தின் கான்னெமாராவையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள். ஷெட்லாண்ட் 107 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. ஹைலேண்ட், நியூ ஃபாரஸ்ட் இரண்டும் 148 செ.மீ. வரை வளரலாம். பெரியவர்களையும் சுமக்கக்கூடிய இனங்களுக்கு வாங்குபவர் வட்டம் பெரியது. அதனால் ஹைலேண்ட், கான்னெமாரா குட்டிகளுக்கு ஆயிரங்களில் கேட்பார்கள். டார்ட்மூர் மேட்டு நிலத்தில் இருந்து நேராக ஏலத்துக்கு வரும், பதிவில்லாத ஆண்குட்டி நூறு பவுண்டுக்கும் கீழே போவதுண்டு.

பதிவு என்று சொன்னேன். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எல்லாக் குதிரைக்கும் பாஸ்போர்ட் என்ற அடையாள ஆவணம் சட்டப்படி கட்டாயம். ஆனால் பாஸ்போர்ட் இருப்பதாலேயே அது இனப் பதிவேட்டில் உள்ள குதிரை ஆகிவிடாது. சில பாஸ்போர்ட்டுகள் வெறும் அடையாளச் சீட்டு. தாய் தந்தை பெயர் இருக்கும் கட்டம் காலியாகக் கிடக்கும். 'டார்ட்மூர் போனி' என்பது பதிவேட்டில் உள்ள இனம். 'டார்ட்மூர் ஹில் போனி' அந்த மேட்டு நிலத்திலேயே மேயும் வேறு வகை. இரண்டும் நல்ல குதிரைகள்தான். ஆனால் ஒன்றின் விலையை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஏறி ஓட்ட மட்டும் வேண்டுமென்றால், பதிவுக்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை. இனப்பெருக்கத்துக்கோ, இனக் கண்காட்சிக்கோ என்றால் பதிவில்லாத குட்டி இலவசமாகக் கிடைத்தாலும் பயனில்லை.

'பழக்காத' என்றால் எவ்வளவு பழக்காத?

விளம்பரத்தில் வரும் இந்த ஒரு சொல்லுக்குள் பல நிலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு குட்டி திறந்த வெளியில் பிறந்து, மனிதனைத் தூரத்தில் மட்டுமே பார்த்திருக்கும். இன்னொன்று கொட்டிலில் கை நீட்டினால் முகர்ந்து பார்க்கும், தொட விடாது. மூன்றாவது தலைக்கயிறு கட்டிக்கொள்ளும், கூட நடக்கும். நான்காவது நான்கு காலையும் தூக்கிக் கொடுக்கும், லாடக்காரரிடம் குளம்பு வெட்டிக்கொண்டிருக்கும், வண்டியில் ஏறி இறங்கியிருக்கும். சேணம் ஏறாத வரைக்கும் நான்குமே 'பழக்காதவை'தான்.

முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவில் இருப்பது பல வார வேலை. அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து அந்த வேலையை வாங்கினால், தீவனமும் சேர்த்து வாரத்துக்கு 200 பவுண்டு என்றே வைத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு 800. அப்படியானால் 200 பவுண்டுக்கு வாங்கிய கைபடாத குட்டி உங்கள் கையில் 1,000 பவுண்டு ஆகிவிட்டது. பக்கத்தில் 900 பவுண்டுக்கு நின்ற பழகிய குட்டி உண்மையில் மலிவு. நீங்களே பழக்குவதானால் அந்தப் பணம் மிச்சம்தான். ஆனால் முதல் குதிரையே கைபடாத குட்டி என்றால், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் நாள்தோறும் வர முடியுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பயந்த குட்டியும் பயந்த மனிதரும் ஒரே கொட்டிலில் இருப்பது இருவருக்கும் கெடுதல்.

விற்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். "தலைக்கயிறு பழகியது" என்றால், நீங்கள் பார்க்கும்போது கயிறைக் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்பே மாட்டிவைத்த கயிறோடு நிற்கும் குட்டி எதையும் நிரூபிக்காது. அதை மாட்டவே அன்று காலை மூன்று பேர் தேவைப்பட்டிருக்கலாம்.

சந்தை விலையைத் தேடுவது

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கைமாறிய விலை தெரிய வேண்டுமென்றால் ஏல முடிவுகளைப் பாருங்கள். நியூ ஃபாரஸ்ட் குதிரைகளுக்கு பியூலி ரோடு ஏலக்களம், டார்ட்மூருக்கு சாக்ஃபோர்டு, டேவிஸ்டாக் பக்கத்து இலையுதிர்கால ஏலங்கள், ஷெட்லாண்டுக்கு லெர்விக், வெல்ஷுக்கு ஃபேர் ஓக்ஸ் ஏலம் என்று ஒவ்வொரு இனத்துக்கும் பெயர்பெற்ற ஏலங்கள் உண்டு. வாங்குவதற்கு முன் ஒருமுறையாவது சும்மா போய் உட்கார்ந்து, பட்டியலில் ஒவ்வொரு குட்டிக்கும் எதிரே விலையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரு மதியத்தில் கிடைக்கும் அந்தப் படிப்பு பத்து நாள் விளம்பரம் புரட்டினாலும் கிடைக்காது.

ஒப்பிடும்போது இனம், பால், வயது, பழக்கிய நிலை, பதிவு ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். வெல்ஷில் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவு. அதையும் பிரித்துப் பாருங்கள். ஏ பிரிவின் உச்ச உயரம் 12 'ஹேண்ட்', அதாவது சுமார் 122 செ.மீ. டி பிரிவு பெரியவர்களே ஓட்டும் குதிரை. இரண்டின் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

காலமும் முக்கியம். இலையுதிர்காலத்தில் திறந்தவெளி மந்தைகளை ஒன்றாக ஓட்டி வருவார்கள், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிப்பார்கள், குளிர்காலத் தீவனச் செலவு எல்லோர் கண்ணிலும் நிற்கும். குட்டிகள் குவியும், விலை இறங்கும். வசந்தத்தில் அதே குட்டிக்குக் கூடுதலாகக் கேட்டால் அது அநியாயம் இல்லை. குளிர்காலச் சாப்பாட்டுக் காசு அதில் சேர்ந்திருக்கிறது. 2020, 2021-இல் கொரோனா காலத்தில் குதிரை விலை எகிறியது. அந்த வருட விலைகளை இப்போதைய அளவுகோலாக யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம்.

பின்னாலிருந்து ஒரு கணக்கு

இது நானே எனக்காகப் போட்டுக்கொள்ளும் கணக்கு. எண்கள் எல்லாம் ஒரு பேச்சுக்கு. உங்கள் பகுதி எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே இனத்தில் நான்கு வயதான, சேணம் பழகிய, நல்ல குணமுள்ள, காயடித்த குதிரை 4,000 பவுண்டுக்குப் போகிறது என்று வைப்போம். நீங்கள் வாங்கப் போவது ஒன்றரை வயதுக் குட்டி. இன்னும் இரண்டரை வருடம், அதாவது 130 வாரம் வளர்க்க வேண்டும். மேய்ச்சல் வாடகையும் வைக்கோலும் வாரம் 15 பவுண்டு என்றால் 1,950. எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட 35 வீதம் பதினாறு முறை, 560. தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் பார்க்க வருடம் 150, ஆக 375. கடைசியில் சேணம் பழக்க எட்டு வாரம், 1,600. கூட்டினால் 4,485. குதிரையின் விலையைவிட அதிகம்!

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் மனதில் வையுங்கள். சொந்தப் புல்லும் இல்லை, பழக்கவும் தெரியாது என்றால், குட்டி வாங்குவது சிக்கனம் இல்லை. நான்கு வயதுக் குதிரையாகவே வாங்கிக்கொள்ளலாம். இரண்டரை வருடக் கவலையும் மிச்சம். சொந்த நிலமும் பழக்கும் அனுபவமும் இருந்தால் கணக்கு மாறும். மேய்ச்சல் போய் வைக்கோலுக்கு 600 மட்டும், பழக்கும் கூலி இல்லை. செலவு 1,535 ஆகிவிடும், மீதி 2,465. குட்டி எதிர்பார்த்த குணத்தில் வளராமல் போகலாம், காலில் அடிபடலாம். அந்த ஆபத்துக்காக நான் பாதியைக் கழித்துவிடுவேன். ஆக, சுமார் 1,200 பவுண்டு. அதற்கு மேல் கேட்டால், எவ்வளவு பிடித்திருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நேரில் பார்க்கும்போது

முதல் பத்து நிமிடம் கிட்டே போகாதீர்கள். மற்றக் குதிரைகளோடு எப்படி இருக்கிறது, எந்தக் காலில் பாரம் போடத் தயங்குகிறது, இருமுகிறதா, மூக்கில் சளி வடிகிறதா என்று வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். சளியும் தாடைக்குக் கீழே வீக்கமும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கு அந்த இடத்தைவிட்டு வந்துவிடுவது நல்லது. 'ஸ்ட்ராங்கிள்ஸ்' என்ற தொற்று அப்படித்தான் தொடங்கும். உங்கள் உடையிலும் செருப்பிலும் ஏறி வீட்டிலிருக்கும் குதிரைக்கும் வந்துவிடும்.

குளிர்கால ரோமம் பெரிய ஏமாற்றுக்காரன். அக்டோபர் மாதக் குட்டி கரடிப் பொம்மை மாதிரி உருண்டையாகத் தெரியும். தொட விடும் குட்டி என்றால் விரல்களை விரித்து விலா எலும்பின்மேல் தட்டையாக வைத்து மெல்ல அழுத்துங்கள். ரோமத்துக்கு அடியில் எலும்பு உடனே நெருடினால், வயிறும் தொங்கினால், குடற்புழு இருக்க வாய்ப்பு அதிகம். தொட விடாத குட்டியை மழை பெய்த மறுநிமிடம் பாருங்கள். ரோமம் உடம்போடு ஒட்டும்போது உண்மையான உடம்பு தெரியும். மெலிவு சரியாகக்கூடியது, விலையைக் குறைத்துப் பேசலாம். வளைந்த கால், மேல் தாடை கீழ்த் தாடையைத் தாண்டி நிற்பது போன்றவை சரியாகாது.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்தே ஆக வேண்டும். குட்டிக்கு நடு முன்பற்கள் முதல் வாரத்தையொட்டியும், அடுத்தவை ஆறு வாரத்தையொட்டியும், ஓரப் பற்கள் ஆறு முதல் ஒன்பது மாதத்திலும் முளைக்கும். நடுப் பால்பல் விழுந்து பெரிய பல் வருவது இரண்டரை வயதில். "மூன்று வயது" என்று சொல்லும் குதிரையின் வாயில் நடுவே இரண்டு பெரிய பற்கள் இல்லையென்றால் வயதில் ஏதோ இடிக்கிறது.

உயரத்தையும் ஓரளவு முன்னமே கணிக்கலாம். ஒரு வயதில் குதிரை முழு உயரத்தில் சுமார் 90 சதவீதம் வந்துவிடும். ஒரு வயதில் தோள்மேட்டில் 112 செ.மீ. என்றால் வளர்ந்து 124-க்குப் பக்கத்தில் நிற்கும். தீவனம் குறைந்த மலைக்குட்டி கொஞ்சம் பிந்தி வளரும், அதனால் இது தோராயம்தான். பெரியவர் ஒருவர் ஏற வேண்டும் என்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கைத் தவறாமல் போடுங்கள்.

இன்னும் ஒன்று. இந்த இனங்களில் பூச்சிக்கடி ஒவ்வாமை, 'ஸ்வீட் இட்ச்', அடிக்கடி வரும். கோடையில் பிடரியையும் வாலையும் ரத்தம் வரத் தேய்த்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்கப் போகாது. குளிர்காலத்தில் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். பிடரி முடியை விலக்கி வேரைப் பாருங்கள்: துடைப்பம் மாதிரி குட்டையாக உடைந்த முடி, வால் தொடங்கும் இடத்தில் தடித்துச் சுருங்கிய தோல் இருந்தால் அதுதான். இல்லையென்றாலும், "இதற்கு ஸ்வீட் இட்ச் இருந்ததில்லை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மரு போன்ற 'சார்காய்டு' கட்டிகளும் விலையை நன்றாகக் குறைக்க வேண்டியவை.

மரபு நோய்ப் பரிசோதனையில் புதியவர்கள் குழம்புவார்கள். ஃபெல், டேல்ஸ் இனங்களில் குட்டிகளின் நோயெதிர்ப்பைப் பறிக்கும் ஒரு மரபு நோய் உண்டு. பாதித்த குட்டி சில மாதங்களுக்குள் இறந்துவிடும். அதனால் ஒரு வயதில் ஆரோக்கியமாக நிற்கும் குதிரைக்கு அந்த நோய் இல்லை. மரபணுவைச் சுமந்திருக்கலாம், அவ்வளவுதான். ஏறி ஓட்டக் காயடித்த குதிரை வாங்குபவருக்கு அது விலையை மாற்றக் காரணமே இல்லை. குட்டி போட வைக்கப் பெட்டை வாங்குபவர் மட்டும் பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டும். கான்னெமாராவில் குளம்புச் சுவர் பிளந்துபோகும் நோய்க்கும் பரிசோதனை உண்டு. அதில் பாதிப்பு உள்ள குட்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

ஆண்குட்டியா, பெட்டையா, காயடித்ததா?

அரிதான இனங்களில் பதிவுள்ள பெட்டைக்கு மதிப்பு கூடுதல். ஆண்குட்டிகள் மலிவு, ஏனென்றால் காயடிக்கும் செலவும் அதுவரை தனியாக வைத்துக்கொள்ளும் தொல்லையும் வாங்குபவர் தலையில் விழும்.

இதில் நான் ஒரு பாடம் படித்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தனியாரிடம், "காயடித்தாகிவிட்டது" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒரு குட்டி வாங்கினேன். நல்ல குணம், மலிவு விலை. அடுத்த வசந்தத்தில் வேலிக்கு அப்பால் பெட்டைகளைப் பார்த்துக் கழுத்தை வளைத்துக் கத்த ஆரம்பித்தான். ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்தது: ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. எடுக்க அறுவை சிகிச்சை. அந்தச் செலவு குட்டியின் விலையைப்போல மூன்று மடங்கு. விற்றவர் அப்புறம் போனை எடுக்கவே இல்லை. அவனை நான் விற்கவில்லை, இன்றும் என்னிடம்தான் இருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு, இரண்டு விதையும் எடுத்ததாகக் கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்க்காமல் 'காயடித்தது' என்ற சொல்லுக்கு ஒரு பவுண்டுகூட நான் கூடுதலாகக் கொடுப்பதில்லை. காயடிக்காத குட்டி என்றால், இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

மருத்துவர், காகிதம், பணம்

வாங்கும் முன் செய்யும் மருத்துவப் பரிசோதனை ஐந்து கட்டங்கள் கொண்டது. அதில் ஓட்டிப் பார்க்கும் கட்டம் பழக்காத குட்டிக்குப் பொருந்தாததால் பெரும்பாலும் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் செய்வார்கள்: நிற்க வைத்து உடலை முழுதும் பார்ப்பது, கையில் பிடித்து நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்பது. 1,000 பவுண்டுக் குட்டிக்கு இதைத் தவிர்க்காதீர்கள். மருத்துவரை விற்பவர் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுங்கள். 150 பவுண்டுக் குட்டிக்குப் பரிசோதனையே குட்டி விலை ஆகிவிடும்; தொடவே விடாத குட்டியில் மருத்துவராலும் பெரிதாக ஒன்றும் பார்க்க முடியாது. அங்கே அனுபவசாலி ஒருவரைக் கூட அழைத்துப் போவதுதான் வழி.

இங்கிலாந்தில் 2020 அக்டோபர் 1 முதல் எல்லாக் குதிரைக்கும் மைக்ரோசிப் கட்டாயம். டார்ட்மூர், எக்ஸ்மூர், நியூ ஃபாரஸ்ட் போன்ற குறிப்பிட்ட பகுதிகளில் திரிபவைக்கு அங்கே இருக்கும் வரை விலக்கு உண்டு; விற்று வெளியே போகும்போது சிப், பாஸ்போர்ட் இரண்டும் வேண்டும். சிப் கருவியை வைத்துப் பார்த்து, எண்ணைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுங்கள். "பாஸ்போர்ட் தபாலில் வரும்" என்றால், அது வந்த பிறகே பணமும் தரலாம். ரசீதில் வயது, பால், பழக்கிய நிலை, உடல்நிலை பற்றி விற்பவர் சொன்னது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். குதிரை வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். தனியாரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை, எழுதி வாங்கியதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

பேரம் பேசும்போது குட்டியைக் குறை சொல்லிப் பேசாதீர்கள். வளர்த்தவருக்கு அது வலிக்கும், விலையும் இறங்காது. செலவைச் சொல்லிப் பேசுங்கள்: "காயடிக்க இவ்வளவு ஆகும், தடுப்பூசி தொடங்கவே இல்லை, அதைக் கழித்துக்கொள்ளலாமா?" இதற்குப் பெரும்பாலும் நியாயமான பதில் கிடைக்கும். பேரம் முடிந்ததும் சில பழைய ஆட்கள் நோட்டு ஒன்றை உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். குதிரையோடு அதிர்ஷ்டமும் போகட்டும் என்பது இங்குள்ள வழக்கம். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏலத்தில் வாங்குவதானால், கட்டணங்கள் போக உச்சத் தொகையைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு உட்காருங்கள். சில குதிரை ஏலங்களில் இன்னும் 'கினி' கணக்கில் கூவுவார்கள். ஒரு கினி 1.05 பவுண்டு, 300 கினிக்குக் கை தூக்கினால் 315 பவுண்டு. ஏலக்காரர் கட்டணம், வரி, வண்டி வாடகை தனி. குட்டியைத் தனியாக வளர்க்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு குதிரை இல்லையென்றால் நீங்கள் விலை பேச வேண்டியது இரண்டு குட்டிகளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று வாரம் மற்றக் குதிரைகளிடமிருந்து, ஆனால் அவற்றைப் பார்க்கும் தூரத்தில், தனியே வையுங்கள். புழு மருந்தும் தடுப்பூசியும் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரை மாற்ற 30 நாள் அவகாசம். முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். முதல் சில நாள் கையில் கயிறு எதுவும் இல்லாமல், வைக்கோல் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, குட்டி தானாக வந்து உங்கள் சட்டையை முகரும் வரை சும்மா இருங்கள்.